கல்லாப்பெட்டிக்கு ஜன்னல் எதற்கு? மேசன் சிட்டியின் பழைய வங்கி, இன்றைய ஓட்டல்: ஒரு மதிப்புரை

மின்னியாபோலிஸுக்கும் டெ மாயின்ஸுக்கும் நடுவே, இரண்டு ஊரிலிருந்தும் ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது மேசன் சிட்டி. 27,000 சொச்சம் பேர் வாழும் அயோவா ஊர். 35ஆம் எண் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கிளியர் லேக் பக்கம் இறங்கிக் கிழக்கே போனால் ஊர் நடுவில் சென்ட்ரல் பார்க் வரும். பார்க்கின் தெற்கு ஓரத்தில், ஸ்டேட் தெருவைத் தாண்டி, ஹிஸ்டாரிக் பார்க் இன் ஓட்டல். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட் ஓட்டலாகவே வரைந்து கட்டியவற்றில் இன்றைக்கு நின்றுகொண்டிருப்பது இது ஒன்றுதான். அதனால் எல்லாரும் "ரைட் ஓட்டல்" என்று தேடிப் போகிறார்கள். வரவேற்பறையையும் வண்ணக் கண்ணாடிக் கூரையையும் படம் பிடித்துக்கொண்டு, இடப்பக்க முனையில் கீழே ஜன்னலே இல்லாமல் நிற்கும் செங்கல் சுவரைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அந்தச் சுவரைத்தான். 1910இல் அது சிட்டி நேஷனல் வங்கி. இந்தக் கட்டடம் பிழைத்ததும் கெட்டதும் மறுபடி எழுந்ததும் அந்தச் சுவரை ஒட்டித்தான் நடந்திருக்கின்றன.

தங்கலாமா என்று கேட்டால்: கட்டடங்களைப் பார்க்கப் பிடிக்கும் என்றால் தங்கலாம், ஓர் இரவு போதும். படுக்கை, குளியலறை வசதிக்காக மட்டும் தேடுகிறவர்கள் நெடுஞ்சாலை ஓரத்துச் சங்கிலி ஓட்டல் ஒன்றில் தங்கிவிட்டு, காலையில் இங்கே வந்து இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்தாலே போதும். பொதுமக்களுக்கு வழிகாட்டிகளோடு சுற்றிக்காட்டும் ஏற்பாடு இருக்கிறது. கட்டடத்தை மீட்ட 'ரைட் ஆன் த பார்க்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை நடத்துகிறது. நாள், நேரம் மாறும் என்பதால் கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வங்கியைக் கேட்டு வாங்கியவர்கள் ஊர் வக்கீல்கள். ஜே. இ. இ. மார்க்லி, ஜேம்ஸ் பிளைத் இருவருக்கும் வங்கிக்கு ஒரு கட்டடம் வேண்டியிருந்தது, தங்கள் சட்ட அலுவலகத்துக்கு இடம் வேண்டியிருந்தது, மிச்ச மனையிலிருந்து வருமானமும் வேண்டியிருந்தது. மார்க்லியின் பெண்கள் விஸ்கான்சினில் ரைட்டின் அத்தைமார் நடத்திய ஹில்சைட் பள்ளியில் படித்தார்கள். அந்த வழியில்தான் ரைட் வந்து சேர்ந்தார். ஒரே மனையில் மூன்று வேலை: மூலையில் வங்கி, மேற்கே ஓட்டல், அலுவலகங்கள் மேலே. முழு மனையையும் வங்கிக்கே செலவழிக்காமல் வாடகை வரும்படி பிரித்துக்கொண்ட இந்தக் கணக்கு வங்கிக்காரர் கணக்கல்ல, வக்கீல் கணக்கு. பின்னால் வங்கி மூழ்கியபோதும் கட்டடம் முழுதாக இடிபடாமல் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. ஒரு பகுதி படுத்தாலும் இன்னொன்று ஏதோ வாடகை கொண்டுவந்துகொண்டிருந்தது.

வேலை 1909இல் தொடங்கியது. அந்த வருஷ இலையுதிர் காலத்தில் ரைட் குடும்பத்தையும் சிகாகோ அலுவலகத்தையும் விட்டுவிட்டு, தன் வாடிக்கையாளர் ஒருவரின் மனைவியோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். மேசன் சிட்டியில் கட்டடத்தை முடித்துக் கொடுத்தவர் அவர் அலுவலகத்தில் இருந்த வில்லியம் டிரமண்ட். பெயர்ப்பலகையில் ரைட் இருந்தாலும் கொத்தனாரோடு மல்லுக்கட்டியவர் டிரமண்ட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சுற்றினால் மூலை முடுக்கு வேலைப்பாடுகள் வேறு மாதிரி தெரியும்.

முதலில் உள்ளே போகாதீர்கள். பார்க்கின் நடுவில் நின்று தெற்கே பாருங்கள். இடது கோடியில் வங்கி, கனமான பெட்டி. வலது பக்கம் ஓட்டல், இரண்டு சிறகு, நடுவில் சற்று உள்ளடங்கிய வாசல், அதற்கு மேல் பார்க்கை நோக்கிய பால்கனி. ஓட்டல் பகுதியில் இறவாணம் வெளியே நீண்டு தலைக்கு மேல் நிழல்போல் தவழ்கிறது, ஜன்னல்கள் வரிசையாகத் திறந்திருக்கின்றன. வங்கிப் பகுதியில் அந்தத் தாராளமே இல்லை. கீழ்ப்பாதி முழுக்க மஞ்சள் கலந்த பழுப்புச் செங்கல், ஓட்டை கிடையாது. வெளிச்சத்துக்கான ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே, எட்டிப் பார்க்க முடியாத இடத்தில். இன்னும் மேலே அலுவலக மாடி, அங்கே தூண்களுக்கிடையில் வண்ணச் சுடுமண் வேலைப்பாடு. ஒரே கையெழுத்து, ஒரே செங்கல், ஆனால் ஒரு பகுதி விருந்தாளியை "வா" என்கிறது, இன்னொரு பகுதி திருடனை "போ" என்கிறது. இரண்டையும் ஒரே முகப்பில் சண்டையில்லாமல் உட்கார வைத்திருப்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

முகப்பு வடக்கு நோக்கி இருக்கிறது. படம் பிடிப்பவர்களுக்கு இது முக்கியம். வருஷத்தில் பெரும்பகுதி முகப்பு நிழலில்தான் கிடக்கும், நடுப்பகலில் பின்னாலிருந்து வரும் வெயிலில் வானம் வெளுத்து, கட்டடம் கறுத்துப் போகும். மேகமூட்டமான நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். வங்கியின் கிழக்குச் சுவர் ஃபெடரல் அவென்யூவைப் பார்க்கிறது, அதற்குக் காலை வெயில் பக்கவாட்டில் விழும். செங்கல் வரிகளின் நிழல் அப்போதுதான் எழும்பும். முழு முகப்புக்கும் சிறந்த நேரம், பொழுது சாய்ந்து உள்விளக்குகள் ஏற்றிய முதல் அரை மணி. கீழே இருட்டுச் சுவர், மேலே ஒளி வரிசை. பகலில் விளங்காத வடிவம் அப்போது தானாகவே விளங்கிவிடும்.

உயரத்து ஜன்னல் பாதுகாப்புக்கு மட்டும் வைத்ததல்ல. பேரேட்டில் மை தொட்டு எழுதிய காலம். கவுன்ட்டரில் இருப்பவருக்குக் கண் கூசாத, எல்லாப் பக்கமும் சமமாக விழும் வெளிச்சம் வேண்டும். ஆள் மட்டத்தில் ஜன்னல் வைத்தால் காலையில் ஒரு பக்கம் கூசும், மாலையில் மறுபக்கம் இருளும். தெருவில் போகிறவர் யார் எவ்வளவு எடுக்கிறார் என்றும் பார்ப்பார். தலைக்கு மேல் ஜன்னல் வைத்தால் இந்த மூன்றும் ஒரே அடியில் தீர்ந்துவிடுகின்றன. கூடவே, பணம் போடுகிறவருக்கு ஒரு நம்பிக்கை. நாடு முழுமைக்குமான வைப்புக் காப்பீடு அமெரிக்காவில் 1933 சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் சிற்றூர் வங்கி தன் நாணயத்தை எப்படிக் காட்டும்? சுவரின் கனத்தில்தான். கல் தூண் நட்டுக் கிரேக்கக் கோயில் மாதிரி கட்டியவர்களும் இதற்காகத்தான் கட்டினார்கள். ரைட் தூணை விட்டுவிட்டுப் பெட்டகத்தையே கட்டடமாக்கினார். 1901இலேயே ஒரு கட்டட இதழில் கிராமத்து வங்கிக்கு ஒரு மாதிரி வரைந்து வெளியிட்டவர் அவர், பிறகு இலினாயின் டுவைட் என்ற சிற்றூரில் ஒரு வங்கியும் கட்டினார். மேசன் சிட்டியில் அந்த யோசனை முற்றியிருக்கிறது.

இந்த வரைபடம் பெர்லினில் 1910-11இல் வெளியான ரைட்டின் பெரிய தொகுப்பிலும் இடம்பெற்றது. 1914இல் கொலோன் கண்காட்சிக்கு ஜெர்மன் கட்டடக் கலைஞர்கள் வால்டர் குரோப்பியஸும் அடால்ஃப் மேயரும் கட்டிய மாதிரித் தொழிற்சாலையின் முகப்பை மேசன் சிட்டி ஓட்டலோடு ஒப்பிடுவது கட்டடக்கலை வகுப்புகளில் பழைய பழக்கம். இரண்டு படத்தையும் அருகருகே வைத்தால் ஒப்பீடு மிகையல்ல என்று தெரியும். சோளக்காட்டு நடுவிலிருந்து ஜெர்மனிக்குப் போன சரக்கு!

சுவர் எவ்வளவு கனமாக இருந்தென்ன, உள்ளே இருந்தது நிலத்தின் மேல் கொடுத்த கடன். முதல் உலகப் போரில் தானிய விலை ஏறியது, விலையைப் பார்த்து நிலத்தின் மதிப்பு ஏறியது, அந்த மதிப்பை நம்பி வங்கிகள் இன்னும் கடன் கொடுத்தன, அந்தக் கடனில் விவசாயிகள் இன்னும் நிலம் வாங்கினார்கள். 1920இல் விலை சரிந்ததும் சங்கிலி முழுக்க அறுந்தது. அடமானமாக இருந்த நிலத்தை விற்றாலும் கடன் தேறாது, விற்க வாங்க ஆளும் இல்லை. அயோவாவிலும் சுற்று மாநிலங்களிலும் சிற்றூர் வங்கிகள் இப்படித்தான் வரிசையாகப் போயின. பெருமந்தத்துக்குப் பத்து வருஷம் முன்பே அங்கே மந்தம் வந்துவிட்டது. சிட்டி நேஷனலும் அதில் போனது. 1926இல் கட்டடம் கைமாறியது.

வாங்கியவருக்கு வேண்டியது கடை. இங்கேதான் சுவர் எதிரியானது. கடைக்குச் சரக்கைத் தெருவுக்குக் காட்ட வேண்டும், கண் மட்டத்தில் கண்ணாடி வேண்டும். வங்கிக்குப் பலமாக இருந்த அதே அம்சம் கடைக்கு முடக்கம். ஆகவே சுவரை அறுத்துப் பெரிய கடைக் கண்ணாடிகள் வைத்தார்கள். உயரமான வங்கி மண்டபம் வாடகைக்கு வீண் இடம் என்று, உள்ளே நடுவில் ஒரு தளம் போட்டு இரண்டு மாடியாக்கினார்கள். சிற்பி ரிச்சர்ட் பாக் வங்கி மண்டபத்துக்குச் செய்திருந்த மெர்குரி சிலைகள் இடம்பெயர்ந்தன. வணிகத்துக்குக் காவல் தெய்வம் மெர்குரி, திருடர்களுக்கும் அவரே என்பது ரோமானியர் குசும்பு.

இதைக் கொலை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் பழைய வங்கியை வாங்குகிற யாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அத்தகைய கட்டடத்தில் மறுபயனுக்கு முட்டுக்கட்டையாக நிற்பவை மூன்று. ஒன்று தெருவுக்கு மூடிய சுவர். இரண்டாவது கட்டட உடம்போடு சேர்த்து வார்த்த பெட்டக அறை. அதைப் பெயர்த்து எடுக்கிற செலவில் வேறு அறையே கட்டலாம் என்பதால் பெரும்பாலோர் அப்படியே விட்டுச் சாமான் அறையாக்குகிறார்கள். கதவு தற்செயலாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளாதபடி பூட்டின் நாக்கை நிரந்தரமாக முடக்குவது முதல் வேலையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அறைக்குள் காற்றோட்டம் இருக்காது, செல்போன் சிக்னலும் எடுக்காது. மூன்றாவது, சூடேற்றவே கட்டுப்படியாகாத மண்டப உயரம். அயோவா குளிரில் இருபது அடி உயரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும் சூட்டுக்கு யார் கட்டணம் கட்டுவது? 1926இன் நடுத்தளத்துக்குப் பின்னால் அழகுணர்ச்சிக் குறைவு மட்டும் இல்லை, இப்படி ஒரு கணக்கும் இருந்தது. மன்னிக்க முடியாதது செங்கல்லை அறுத்ததுதான். நடுத்தளத்தைப் பிறகு கழற்றலாம், அறுத்த செங்கல் திரும்ப வராது.

ஓட்டலும் செழிக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் ஊரில் ஹான்ஃபோர்ட் என்ற பெரிய ஓட்டல் வந்தது. பார்க் இன்னில் இருந்தவை 43 அறைகள். சரக்குக் கையேட்டோடு ரயிலில் வந்து இறங்கும் விற்பனைப் பிரதிநிதிகளை மனத்தில் வைத்துக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். தனிக் குளியலறை கேட்கிற காலம் வந்ததும் அவை மதிப்பிழந்தன. மெல்ல மெல்ல மலிவுத் தங்கும் விடுதியாகி, 1972இல் ஓட்டல் மூடப்பட்டது. விந்தை, அதே 1972இல்தான் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டிலும் ஏறியது. பதிவேட்டில் ஏறினால் காப்பாற்றியாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். 1999இல் அயோவாவில் அழியும் நிலையில் உள்ள கட்டடங்கள் பட்டியலில் இதன் பெயர் இருந்தது.

இதற்கிடையில் ஒரு கிளைக்கதை, சுவரைப் பற்றியது என்பதால். இதே சந்திப்பில் இருந்த போட்டி வங்கி ஃபர்ஸ்ட் நேஷனல். 1934 மார்ச் 13 அன்று பேர்போன வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டில்லிஞ்சரின் கும்பல் புகுந்தது அங்கே. அந்த வங்கியில் மண்டபத்துக்கு மேலே எஃகுக் கூண்டில் காவலாளி. அவர் கண்ணீர்ப்புகைக் குண்டு சுட்டார். உள்ளே பணப்பெட்டக வாசலில் கம்பிக் கதவு. அது சாத்திக்கொள்ளாமலிருக்கக் கொள்ளையன் ஒருவன் ஒரு செம்புக்காசு மூட்டையை முட்டுக் கொடுத்தான். காசாளர் அந்த மூட்டையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போகக் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. பிறகென்ன, கம்பி இடுக்கு வழியே ஒற்றை டாலர் கட்டுகளாகப் பார்த்து நிதானமாக எடுத்து எடுத்து நீட்டினார். உள்ளே 2,00,000 டாலருக்கு மேல் இருந்தது, கும்பலுக்குக் கிடைத்தது சுமார் 52,000. மாடியிலிருந்து ஒரு நீதிபதி சுட்டதில் டில்லிஞ்சருக்குத் தோளில் காயம். வங்கியைக் காத்தது முகப்புச் சுவரல்ல, உள்ளே இருந்த ஒரு தானியங்கிப் பூட்டும் நிதானமான ஆளும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. ரைட்டின் பெட்டகக் கட்டடம் அப்போது கடைக் கண்ணாடியோடு நின்றது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் டில்லிஞ்சர் ரைட் வங்கியைக் கொள்ளையடித்தார் என்று குழப்பிக்கொள்வதுண்டு, அது தவறு.

இனி, மீட்பு வேலையை எடைபோடலாம். 'ரைட் ஆன் த பார்க்' 2005இல் தொடங்கியது. அரசு நிதியும் வரிச் சலுகையும் நன்கொடையும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் செலவில் 2011இல் கட்டடம் மறுபடி திறந்தது. வங்கிப் பகுதியில் முழு மதிப்பெண் கொடுக்கலாம். கடைக் கண்ணாடிகள் போய்ச் சுவர் மறுபடி மூடியது. மண்டபம் மறுபடி முழு உயரம் கண்டது. உள்ளே நின்றால் தெரு தெரியாது, தெருச் சத்தமும் குறைவு, வெளிச்சம் மட்டும் மேலிருந்து வடியும். வங்கியாக இருந்தபோது அந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கம் இல்லாமலே புரிகிறது. இன்று அது விருந்து மண்டபம். கல்யாண வரவேற்பு, கூட்டம், விழா. யோசித்தால் இது ஒன்றுதான் அந்த அறைக்குப் பொருத்தமான மறுவாழ்வு. தெருவைப் பார்க்கத் தேவையில்லாத, உயரமான கூரை வேண்டியிருக்கிற ஒரே வியாபாரம் விருந்துதான். கடைக்காரர்களுக்கு எண்பத்தைந்து வருஷமாக விளங்காத சுவர் கல்யாணக் கூட்டத்துக்கு உடனே பொருந்திவிட்டது.

பழைய செங்கல்லும் புதிய செங்கல்லும் சந்திக்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள். ஃபெடரல் அவென்யூ ஓரமாகக் காலை வெயில் சாய்ந்து விழும்போது சுவரை ஒட்டி நின்று நீளவாக்கில் பார்க்க வேண்டும். நேரெதிரே நின்றால் கண் ஏமாறும். நிறம் ஒத்துப்போனாலும் மூன்று இடத்தில் வேறுபாடு காட்டிக்கொடுக்கும்: செங்கல் முனையின் கூர்மை, இணைப்புக் காரையின் நிறம், காரை உள்வாங்கியிருக்கும் ஆழம். நூறு வருஷச் செங்கல்லின் முனை மழுங்கியிருக்கும். காரையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பழைய செங்கல் சுவருக்கு மறுகாரை பூசும்போது சுவரைவிட மென்மையான, சுண்ணாம்பு கலந்த காரைதான் போட வேண்டும். பலம் என்று நினைத்துக் கெட்டி சிமென்ட் போட்டால் சுவருக்குள் புகுந்த ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் செங்கல் வழியே போகும். குளிரில் அந்த ஈரம் உறைந்து விரியும், செங்கல்லின் முகம் தோல் உரிவதுபோல் சில்லுச் சில்லாகக் கழன்றுவிடும். அயோவா போன்ற இடத்தில் ஒரே குளிர்காலத்தில் பல தடவை உறைந்து உருகும். இந்த ஊர்ப்புறத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றில் இந்தத் தவறைக் காணலாம். பார்க்க வருகிறவர்கள் ஊருக்குள் நடக்கும்போது மற்ற செங்கல் சுவர்களையும் இந்தக் கண்ணால் பாருங்கள்.

சுடுமண் துண்டுகளுக்கு வேறு நோய். உள்ளே அவற்றைப் பிடித்திருப்பவை இரும்புக் கொக்கிகள். மேற்பூச்சு மெல்லிய வலைபோல் விரிசல் விட்டு நீர் புகுந்தால் கொக்கி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பெருத்து உட்கார்ந்து துண்டையே உடைக்கும். விரிசல் வெளியே தெரியும்போது வேலை உள்ளே முடிந்திருக்கும். கீழிருந்து பார்க்க ஒரு சிறிய தொலைநோக்கி எடுத்துப் போவது வீணில்லை. வண்ணங்களின் அடுக்கு வெறும் கண்ணுக்கு ஒட்டுமொத்தக் கோடாகத்தான் தெரியும்.

ஓட்டல் பகுதிக்கு அவ்வளவு மதிப்பெண் கிடையாது, தவறு யாருடையதும் அல்ல. 43 அறை இருந்த இடத்தில் இப்போது 27. சுவர்களை நகர்த்தி, ஒவ்வோர் அறைக்கும் குளியலறை கொடுத்து, இன்றைய தீயணைப்பு விதிக்கும் மாற்றுத் திறனாளிகள் விதிக்கும் ஏற்பச் செய்த பிறகு 1910இன் அறை என்று எதையும் காட்ட முடியாது. தங்கும் அறையில் ரைட்டைத் தேடினால் கிடைப்பது ரைட் பாணி. ரைட்டைப் பார்க்க வேண்டுமானால் பொது இடங்களில் உட்காருங்கள்: தாழ்ந்த கூரையின் கீழ் நுழைந்து திடீரென விரியும் வரவேற்பறை, மேலே பெண்களுக்கென்று அந்தக் காலத்தில் ஒதுக்கிய கூடம், அதிலிருந்து வெளியே போகும் பால்கனி. அறைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. அளவும் வடிவமும் மாறுகின்றன. பதிவு செய்யும்போது பார்க் பக்கம் வேண்டுமா, பின்பக்கம் வேண்டுமா என்று சொல்லிவிடுங்கள். காட்சிக்குப் பார்க் பக்கம், தூக்கத்துக்குப் பின்பக்கம்.

வரவேற்பறைக்குப் பின்னால் இருக்கும் கூரைக் கண்ணாடி அறை தனியாகச் சொல்ல வேண்டியது. முன்பு கூரையிலிருந்து கழற்றி எடுக்கப்பட்ட 25 வண்ணக் கண்ணாடிப் பலகைகள் அந்த வட்டாரத்து வீடு ஒன்றில் தப்பிக் கிடந்தன. அவை மறுபடி இடத்துக்கு வந்திருக்கின்றன. படுக்கைவாட்டில் கிடக்கும் வண்ணக் கண்ணாடிக்கு எப்போதும் எதிரி அதன் சொந்த எடைதான். உலோகச் சட்டம் வருஷக்கணக்கில் மெல்லத் தொய்யும், சேருமிடங்கள் விடும், நடுப்பகுதி தொட்டிபோல் குழியும். அதனால் மேலே மழைக்கு வேறு கண்ணாடிக் கூரை, கீழே அலங்காரக் கண்ணாடி என்று இரட்டை அடுக்காக வைப்பார்கள். ஓரங்களில் நின்று கிடைமட்டமாகப் பார்த்தால் தொய்வு இருக்கிறதா என்று எந்தக் கூரைக் கண்ணாடியிலும் கண்டுபிடிக்கலாம். வெயில் நாளில் மதியத்துக்கு அருகே போனால்தான் அதன் நிறம் முழுதாகக் கிடைக்கும்.

இதைத் தோக்கியோ இம்பீரியல் ஓட்டலின் முன்னோட்டம் என்கிறவர்கள் உண்டு. 1923இல் திறந்த அந்த ஓட்டல் 1968இல் இடிக்கப்பட்டது, அதன் முகப்பும் வரவேற்பறையும் மட்டும் மெய்ஜி-முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. நடுவே உள்ளடங்கிய பகுதி, இரு பக்கமும் சிறகு, அகன்ற இறவாணம் என்ற குடும்ப ஜாடை தெரிகிறது. அதற்கு மேல் உறவு கொண்டாட வேண்டியதில்லை.

இங்கே வந்துவிட்டு ஓட்டலோடு திரும்பினால் பாதி நஷ்டம். நடந்து போகிற தூரத்தில் ஸ்டாக்மன் வீடு, 1908இல் ரைட் வரைந்தது. இடிபட இருந்ததை 1989இல் முழு வீடாகப் பெயர்த்துச் சில தெரு தள்ளிக் கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது அருங்காட்சியகம், பக்கத்தில் விளக்க மையமும் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டு வங்கிக்கு வந்தால், வீட்டுக்குப் பயன்படுத்திய அதே மொழியை ரைட் எப்படி இறுக்கி வங்கியாக்கினார் என்பது பிடிபடும். அருகே வில்லோ ஓடையின் இரு கரையிலும் ராக் கிரெஸ்ட், ராக் கிளென் வீடுகள். ரைட் ஐரோப்பா போனதும் பிளைத்தும் நண்பர்களும் அந்த வேலையைக் கட்டடக் கலைஞர் வால்டர் பர்லி கிரிஃபினிடம் கொடுத்தார்கள். அவர் மனைவி மேரியன் மஹோனி வரைந்த படங்கள் வீடுகளைவிட அழகு. ஓடைப் பாறையிலிருந்தே முளைத்ததுபோல் நிற்கும் மெல்சன் வீட்டை மறுகரையிலிருந்து பாருங்கள். எல்லாம் மக்கள் குடியிருக்கும் வீடுகள், தெருவோடு நின்றுகொள்ள வேண்டும். கிரிஃபின் 1912இல் கான்பெரா நகரத் திட்டப் போட்டியில் வென்று ஆஸ்திரேலியா போனார். 1935இல் பல்கலைக்கழக நூலக வேலைக்காக லக்னோ வந்தார், 1937இல் அங்கேயே இறந்தார், கல்லறையும் லக்னோவில்தான். மேசன் சிட்டி ஓடைக்கரையில் நிற்கும் நம்மூர்க்காரர்களுக்கு இது ஒரு எதிர்பாராத சொந்தம்.

வங்கிக் கட்டடங்களுக்காகவே பயணம் போடுகிறவர்கள் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். மின்னியாபோலிஸிலிருந்து வரும் வழியில் ஓவட்டோனா. கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் 1908இல் முடித்த நேஷனல் ஃபார்மர்ஸ் வங்கி, பெரிய அரைவட்ட வளைவுக்குள் வண்ணக் கண்ணாடி. அந்த வங்கியும் 1926இல்தான் மூழ்கியது. ஆனால் வேறு வங்கி வாங்கியதால் கட்டடம் வங்கியாகவே தொடர்ந்தது, சுவருக்கு அறுவை நேரவில்லை. உள்ளே சுவரோவியத்தில் மாடுகள் மேயும். பால் பண்ணைக்காரர் பணத்தில் கட்டியது என்பதை அவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன வங்கி வேறு இல்லை. மற்றது, டெ மாயின்ஸுக்குக் கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் வரும் கிரின்னெல். 1914இல் சல்லிவன் கட்டிய மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் வங்கி. சாதாரணச் செங்கல் பெட்டிதான், வாசலுக்கு மேல் மட்டும் நகைக்கடைக்காரர் செய்ததுபோல் வட்ட ஜன்னலைச் சுற்றிச் சுடுமண் அலங்காரம் வெடித்துக் கிளம்புகிறது. ஊர் வணிகர் சங்கம் அதில் அலுவலகம் வைத்துக்கொண்டது. சின்ன அலுவலகத்துக்கு ஜன்னல் பிரச்சினை இல்லை என்பதால் சுவரில் கை வைக்காமலே தப்பித்தது. மூன்றையும் பார்த்தால் மேசன் சிட்டிதான் அதிகம் அடிபட்டது, அதனால்தான் அங்கே கற்றுக்கொள்ளவும் அதிகம்.

நாள் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கோடை, இலையுதிர் கால சனிக்கிழமைகள் கல்யாண நாட்கள். விருந்து நடக்கும்போது வங்கி மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்பது முறையல்ல, வெளியிலிருந்தும் எட்டாது, ஜன்னல்தான் உங்கள் தலைக்கு மேலே இருக்கிறதே. வாரநாளில் போங்கள். முன்கூட்டியே மண்டபம் காலியா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.